தங்கராசு திறந்து பார்த்த மடிக்கணினிகள்

தங்கராசு இறந்துபோன செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. அவர் குடியிருந்தது இரண்டாம் மாடியில். நான் அவருக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில். அன்று விடியும் முன்பே அவருக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. நம் அடுக்ககத்தில் பாதிப்பேர் எழுந்து கீழே போயிருக்கிறார்கள். இரண்டு பேர் தில்லை நகர் மருத்துவமனை வரைக்கும் கூடவே போயிருக்கிறார்கள். என் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை. எங்கள் இருவருக்கும் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி மரகதம் இருந்திருந்தால் அவளையாவது எழுப்பியிருப்பீர்கள். அவள் திருவெள்ளறையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

எட்டேகால் மணிக்கு என் மகன் அருண் கூப்பிட்டான்.

"அப்பா, கீழ போய்ப் பாத்தீங்களா?"

"எங்க கீழ?"

"தங்கராசு மாமா போயிட்டாருப்பா."

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு அவன் தங்கராசுவைக் கூப்பிடுவான். அன்றும் கூப்பிட்டிருக்கிறான். போனை எடுத்தது தங்கராசுவின் மகள் கவிதா. அப்படித்தான் செய்தி இரண்டாம் மாடியிலிருந்து கனடாவுக்குப் போய், அங்கிருந்து மூன்றாம் மாடிக்கு வந்தது.

அந்த நொடியில் எனக்குத் துக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் என் மகன் முதலில் கூப்பிடுவது இந்த மனிதரைத்தான், இறந்த அன்றும் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்ற நினைப்புதான் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னிடம் வந்து, "அவரப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க சார், இரங்கல் கூட்டத்தன்னைக்கு எல்லாருக்கும் குடுக்கலாம்" என்று கேட்டார். நல்ல வார்த்தைகளைச் சொல்ல நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். அந்தக் கண்ணால் பார்த்ததைத்தான் என்னால் சொல்ல முடியும்.

அவர் இங்கே குடிவருவதற்கு முன்பு, இந்தக் கட்டடத்தில் எந்த மின்சாதனம் நின்றாலும் என் வீட்டு மணிதான் அடிக்கும். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்து, கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். இணையம் வரவில்லை என்றாலும், வங்கிச் செயலி திறக்கவில்லை என்றாலும், "இன்ஜினியர் சார் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். பாதி நேரம் அணைத்துப் போடச் சொல்வேன். சரியாகிவிடும். மரகதம் காபி கொடுப்பாள். வந்தவர்கள் என் புத்தக அலமாரியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அது நின்றுபோன பிறகுதான் தெரிந்தது.

தங்கராசுவுக்குச் சொந்த ஊர் உப்பிலியபுரம். விவசாயக் குடும்பம். இருபத்தொன்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். முதலில் துறையூர்ப் பக்கம், கடைசியில் ஸ்ரீரங்கம் டவுன் பஸ். ஓய்வு பெற்றதும் நண்பர் மகன் தில்லை நகரில் வைத்திருக்கும் லேப்டாப் பழுதுபார்க்கும் கடையில் போய் உட்கார்ந்தார். சும்மா பேச்சுத் துணைக்குப் போனவர், இரண்டு வருஷத்தில் வேலையைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். முதல் தடவை லிஃப்டில் பார்த்தபோது, "சார் டெலிபோன்ல பெரிய ஆபீசர்னு சொன்னாங்க. எங்க டெப்போல போன் ரிப்பேர்னா உங்காளுங்க வர்றதுக்கு மூணு நாளாகும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் முட்டிக்கொண்டது போன ஆவணியில் நடந்த கூட்டத்தில். உங்களுக்கு நினைவிருக்கும். மடிக்கணினிகளில் ஓடும் பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது, எல்லோரும் புதியதற்கு மாற வேண்டும் என்று செய்தி வந்து, ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் பயந்து போயிருந்தோம். நான் வீடு வீடாகப் போய் எந்தக் கணினி எந்த வருஷம் வாங்கியது, புதியது ஏறுமா என்று பார்க்கும் சோதனைச் செயலி என்ன சொல்கிறது என்று எழுதி, ஒரு பட்டியல் அச்சடித்துக்கொண்டு வந்தேன். பதினான்கு மடிக்கணினிகள். பதினான்கிலும் 'தகுதி இல்லை' என்று வந்திருந்தது. எல்லோரும் புதிது வாங்கிவிட வேண்டியதுதான் என்று அரை மணி நேரம் விளக்கினேன்.

கடைசி வரிசையிலிருந்து தங்கராசு கையைத் தூக்கினார். "சார், ஒரு தடவ தொறந்து பாத்துட்டு சொல்லலாங்களா?"

"இது பஸ் இல்ல மிஸ்டர் தங்கராசு, ஏறி உள்ள போய்ப் பாக்கறதுக்கு" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அதுவும் சரிதாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரமே முதல் மாடி கமலா டீச்சர் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். கணக்கு ஆசிரியையாக இருந்தவர். பெங்களூரில் இருக்கும் பேத்திக்கு வாரம் மூன்று நாள் வீடியோவில் கணக்குச் சொல்லித் தருபவர். அவருக்குப் புதிது வாங்க மனமில்லை. நானும் 'சும்மா பார்த்துவிட்டு வரலாம்' என்று பின்னாலேயே போனேன். அவர் தோற்பதைப் பார்க்கத்தான் போனேன்.

சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை விரித்திருந்தார். பக்கத்தில் ஒரு குழிப்பணியாரச் சட்டி. கழற்றும் திருகுகளை வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் போடுவார், எந்த மூலையில் கழற்றியது எந்தக் குழியில் என்று ஒரு நோட்டில் படம் போட்டுக்கொள்வார். "தொறக்கும்போது எழுதிக்கணும். மூடும்போது நமக்கு எதுவும் ஞாபகம் இருக்காது" என்றார். ஒரு பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் செருகி, அடிமூடியைச் சுற்றிலும் மெதுவாக நெம்பி எடுத்தார். ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டுப் பிறகுதான் உள்ளே கை வைத்து, முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். உடம்பில் இருக்கும் மின்சாரம் போர்டில் பாயாமல் இருக்க அப்படித்தான் செய்ய வேண்டும். எனக்கு அது பாடப் புத்தகத்தில் படித்த விஷயம். அதைச் செய்து பார்த்த ஒருவரை அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"டீச்சர், உங்க வண்டியில ப்ராசசர் நல்ல ப்ராசசர்தாங்க. புதுசுக்கு ஏறக்கூடியதுதான். ராம்தான் நாலு ஜிபி. நாலு ஜிபின்னா காலையில எட்டரை மணி பஸ் மாதிரி. ஆளு ஏறிக்கிட்டே இருக்கு, உள்ள எடமில்ல. பஸ்ஸக் கொற சொல்லி என்ன பண்றது?"

"அப்ப ஏன் தகுதி இல்லன்னு வருது?" என்று டீச்சர் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு பாதுகாப்பு சிப் கேக்குது. அது உள்ளயே இருக்குங்க. கடையில குடுக்கும்போதே ஆஃப் பண்ணிக் குடுத்துட்டாங்க. யாரும் ஆன் பண்ணல, அவ்வளவுதான்."

ராமை மாற்றினார். சுற்றும் தட்டு உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதிலிருந்த எல்லாவற்றையும் சுற்றாமல் வேகமாக ஓடும் ஒரு எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்துப் போட்டார். கணினி எழும்போது ஒரு விசையை அழுத்தி உள்ளமைப்புக்குள் போய், அந்தச் சிப்பை இயக்கிவிட்டார். சோதனைச் செயலி பச்சை நிறத்தில் 'தகுதி உண்டு' என்று காட்டியது. நான் அதே செயலியை ஓட்டிப் பார்த்து, சிவப்பைக் கண்டதும் மூடிவிட்டு வந்தவன். ஏன் சிவப்பு என்று கேட்கத் தோன்றவில்லை.

புதிய விண்டோஸ் ஏறி முடிந்த பிறகு டீச்சர் ஒரு தடவை அணைத்துப் போட்டார். முன்பெல்லாம் அது எழுவதற்குள் ஒரு காபி போட்டுவிடலாம் என்பார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் வந்துவிட்டது. டீச்சர் தங்கராசுவின் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேட்டரி சீக்கிரம் போயிடும், பாருங்க" என்றேன். அந்தப் பேட்டரி இன்றுவரை நன்றாக இருக்கிறது.

அதன் பிறகு என் வீட்டு மணி அடிப்பது குறைந்தது. மாலையில் நடைக்குப் போகும்போது இரண்டாம் மாடியில் கதவு திறந்திருக்கும், உள்ளே நாலைந்து குரல்கள் கேட்கும். மரகதம் ஒருநாள் வற்றல்குழம்பை ஒரு டப்பாவில் ஊற்றிக்கொண்டு கீழே போனாள். "அவங்க வீட்டம்மாவுக்குக் கை வலிங்க" என்றாள். எனக்கும்தான் முழங்கால் வலி. அதற்காக எந்த வீட்டிலிருந்தும் குழம்பு வந்ததில்லை.

என் பட்டியலில் இருந்த பதினான்கில் ஒன்பதை அவர் ஏற்றிவிட்டார். ஐந்து ஏறவில்லை. அந்த ஐந்து வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்து அவர் சொன்னதைக் கமலா டீச்சர்தான் என்னிடம் வந்து சொன்னார்.

"இந்த அஞ்சுலயும் ப்ராசசர் பழசுங்க. அது போர்டோட சேத்து ஒட்டி வர்றது, மாத்த முடியாது. குறுக்கு வழி இருக்கு, இல்லாம இல்ல. கேட்டா பத்து நிமிசத்துல ஏத்திக் குடுப்பாங்க. ஆனா நாளைக்கு அப்டேட் நின்னு போச்சுன்னா நீங்க நடு வழியில நிப்பீங்க. நான் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தா ஆளு ஊர் போய்ச் சேரணும். உங்களுக்கு சார் சொன்னதுதான் சரி. புதுசு வாங்கிடுங்க."

நான் சொன்னதுதான் சரி என்று அவர் சொல்லியிருக்கிறார். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல். நான் செய்த வேலையைத் திருத்தி, பதினான்குக்கு ஐந்து மதிப்பெண் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று பட்டது.

இங்கே என் மகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அருண் என் விருப்பத்துக்குப் பொறியியல் படித்தவன். ஆறு வருஷத்துக்கு முன்பு கனடா போனான். மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான் என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வாரம் ஒருமுறை கூப்பிடுவான். "சாப்டீங்களாப்பா? பிரஷர் மாத்திர போட்டீங்களா? அம்மாகிட்ட குடுங்க." பேசி முடித்ததும் போன் எத்தனை நிமிடம் என்று காட்டும் அல்லவா? மூன்று, நான்கு. அதற்கு மேல் போனதில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிச் சொல்ல இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஆனால் பல வருஷமாகக் கேட்காத சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். மேஜைமேல் ஒரு டம்ளரில் சாய்த்து வைத்த போனில் என் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் கல்லூரியில் வைத்திருந்த மடிக்கணினி, அடிமூடி கழற்றிக் கவிழ்த்துக் கிடந்தது.

"வாங்க சார். தம்பிதான் பேசுறாரு" என்றார் தங்கராசு.

சிரிப்பு நின்றது. "அப்பா" என்றான் அருண். நிமிர்ந்து உட்கார்ந்து, "சாப்டீங்களாப்பா?" என்றான்.

நான் அப்படியே மேலே வந்துவிட்டேன். லேப்டாப்பை யார் கொடுத்தது என்று மரகதத்திடம் கேட்டேன்.

"நான்தான் குடுத்தேன். அவன்தான் குடுக்கச் சொன்னான். உள்ள அவன் போட்டோ எல்லாம் இருக்காம். உங்ககிட்ட கேட்டா நானே பாத்துக்கறேன்னு சொல்லுவீங்க."

"நான் பாத்திருக்க மாட்டேனா?"

"ஆறு வருசமா பரண்லதாங்க இருந்துச்சு" என்றாள்.

மறுநாள் நான் செய்த காரியத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சங்கத் துணைத்தலைவர் என்ற முறையில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினேன். தீ விபத்து ஆபத்தைக் கருதி, வீடுகளில் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கக் கூடாது என்று. அப்படி ஓர் ஆபத்தும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதையும் படித்தார். அன்று மாலையே போர்வையை மடித்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு உங்கள் கணினிகளை ஒரு தோள்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் தில்லை நகர் கடைக்குப் போய் வேலை பார்த்துக் கொண்டுவந்தார். வாசலில் ஒருநாள் எதிரே பார்த்தபோது, நான் பெரிய மனிதன்போல, "இந்த வயசுல எதுக்கு இப்படி அலையறீங்க?" என்றேன்.

"எனக்குப் பஸ்ல போறது அலைச்சலா சார்? இருவத்தொம்பது வருசம் நின்னுக்கிட்டே போனேன். இப்பதான் ஜன்னலோரம் உக்காந்து போறேன்."

அவர் உண்மையாகவே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னால் அவருக்கு ஒரு சிரமம்கூடக் கொடுக்க முடியவில்லை.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிறன்று காலை, அவரே என் வீட்டுக்கு வந்தார். கையில் அருணின் மடிக்கணினி. "இது புதுசுக்கு ஏறாதுங்க சார், உங்க லிஸ்ட்ல ஏறாம நின்ன அஞ்சு மாதிரிதான். தம்பி கேட்டதெல்லாம் எடுத்து அனுப்பிட்டேன். எஸ்எஸ்டி, ராம் ரெண்டும் போட்டு, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் ஏத்திருக்கேன். வீடியோல பேச நல்லா ஓடும். போன்ல சின்னதாத் தெரியற முகத்த இதுல பெருசாப் பாருங்க." மேஜையில் வைத்துத் திறந்தார். அருணைக் கூப்பிட்டுவிட்டு, "பேசுங்க, நான் கெளம்பறேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

திரையில் அருண் வந்தான். உண்மையில் பெரிதாகத்தான் தெரிந்தான். முன்தலையில் முடி குறைந்திருந்தது. கருநீலத்தில் ஒரு கனமான சட்டை, தோளில் ஏதோ சின்னம்.

"என்னடா டிரஸ் இது?"

"யூனிஃபார்ம்பா."

"சாஃப்ட்வேர்ல ஏது யூனிஃபார்ம்?"

"நான் பஸ் ஓட்டறேன்பா. சிட்டி பஸ். ஒன்றரை வருசமாச்சு. கம்பெனில ஆள் கொறச்சாங்க. எட்டு மாசம் வேலையில்லாம இருந்தேன். அப்புறம் இதுல டிரெயினிங் எடுத்து சேந்தேன். எனக்குப் பிடிச்சிருக்குப்பா."

"உன்ன இதுக்காடா படிக்க வெச்சேன்?"

நான் மூடியை இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது மரகதம் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

செருப்புக்கூடப் போடாமல் இரண்டாம் மாடிக்கு இறங்கினேன்.

"உங்களுக்கு எப்பலேந்து தெரியும்?"

"ரெண்டு மாசமாத் தெரியுங்க. லேப்டாப் விசயமாப் பேசும்போது, நான் கண்டக்டர்னு சொன்னேன். அவரும் சொன்னாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எங்கிட்ட சொன்னத உங்ககிட்ட நான் சொல்லக் கூடாதுங்க. அவருதான் சொல்லணும். சொல்லுங்க தம்பின்னு வாரா வாரம் சொல்லிட்டுதான் இருந்தேன்."

"என் பையன் தெருவுல பஸ் ஓட்டறான். அதக் கேட்டுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க. இந்தக் கேவலத்த நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குரலை உயர்த்தவில்லை. "சார், இருவத்தொம்பது வருசம் பஸ்ல நின்ன காலு இது. அந்தச் சோத்துலதான் என் பொண்ணு படிச்சா. என் வீட்டுக்குள்ள நின்னு அதக் கேவலம்னு சொல்லாதீங்க. போயிட்டு வாங்க."

அதுதான் அவர் என்னிடம் நேராகச் சொன்ன கடைசி வார்த்தை.

பிறகு மூன்று மாதம். அருண் மரகதத்திடம் மட்டும் பேசினான். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, என் பால்கனிக்கு நேர் கீழே தங்கராசுவின் குரல் கேட்க ஆரம்பித்தது. அவர் பால்கனியில் உட்கார்ந்து என் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம்கூடப் புரட்ட மாட்டேன்.

"என்னது, மைனஸ் இருவதா? கையொற போட்டுக்கிட்டே ஸ்டியரிங் பிடிப்பீங்களா?"

"அந்த ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஒரு பாட்டி ஏறுவாங்கன்னீங்களே, இந்த வாரம் வந்தாங்களா? அப்பாடா."

"நெஞ்சுல சளி இருக்கற மாதிரி இருக்கே தம்பி. டாக்டரப் பாத்தீங்களா? அப்ப நாளைக்கே பாருங்க."

அருண் சொல்வது எனக்குக் கேட்காது. இவர் திருப்பிக் கேட்பதை வைத்து, அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நானே நிரப்பிக்கொள்வேன். அவன் எத்தனை மணிக்கு எழுகிறான், என்ன சமைக்கிறான், எந்தச் சாலையில் பனி அள்ளத் தாமதமாகிறது என்பதெல்லாம் இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம் பேசுவார்கள். சில வாரம் அதற்கு மேலும் போகும். என் மகனைப் பற்றி ஊரான் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் தங்கராசுவை நான் வெறுத்ததுபோல வேறு யாரையும் வெறுத்ததில்லை. எட்டு மணிக்கு என் பால்கனியில் வந்து உட்கார ஒரு வாரம்கூடத் தவறியதும் இல்லை.

அந்த ஞாயிறு அருண் செய்தியைச் சொன்ன பிறகு, நாங்கள் இருவருமே போனை வைக்கவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு.

"டூட்டி முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சுப்பா. சாயங்காலமே" என்றான்.

உப்பிலியபுரத்துக்கு உடலைக் கொண்டுபோனபோது நானும் வேனில் போனேன். உங்களில் சிலர் ஆச்சரியமாகப் பார்த்தீர்கள். அங்கே கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தும் எனக்கு முதலில் மனம் பொருமியது. காக்கிச் சட்டையோடு டூட்டியிலிருந்து அப்படியே வந்தவர்கள் எத்தனை பேர். நான் செத்துப்போனால் துறையிலிருந்து இரண்டு பேர் வருவார்கள், ஒரு மாலையோடு.

எல்லாம் முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது கவிதா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அருண் அண்ணன் பேசுனாங்க மாமா. ரொம்ப அழுதாங்க" என்றாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"அப்பா எப்பவும் வீட்டுக்குள்ள மேசையிலதான் வெச்சுப் பேசுவாரு. இந்த மூணு மாசமாத்தான் பால்கனி. மார்கழிப் பனியில ஏங்க வெளிய உக்கார்றீங்கன்னு அம்மா திட்டுவாங்க. உள்ள டவர் இல்லம்பாரு. டவரெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் நான், பேசாம ஸ்பீக்கர்ல போட்டுருங்களேம்பா, மேல நல்லாக் கேக்கும்னு சொன்னேன். 'தம்பி எங்கிட்ட பேசறத ஊருக்குக் கேக்கப் போடக் கூடாது. நான் பேசறது என்னுது, அத யாரு வேணா கேக்கட்டும்'னாரு."

நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஏன் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டார், ஏன் பஸ்ஸில் ஸ்டாப்பிங் பெயர் சொல்வதுபோல அவ்வளவு சத்தமாகப் பேசினார் என்பது அப்போதுதான் விளங்கியது. மூன்று மாதம் எனக்காக அந்தப் பனியில் உட்கார்ந்திருக்கிறார். நான் மேலே உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் லிஃப்ட் பக்கத்து அறிவிப்பை நானே கிழித்துப் போட்டேன். அவர் செய்த வேலையை இனி நான் எடுத்துச் செய்வேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்குக் கை நடுங்குகிறது, சின்னத் திருகுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவருடைய நோட்டைக் கமலா டீச்சர் வாங்கி வைத்திருக்கிறார். அது சரியான இடம். கணினி நின்றால் அவரிடம் போங்கள்.

இப்போது ஞாயிறு எட்டு மணிக்கு அருண் என்னைக் கூப்பிடுகிறான். முதல் வாரம் எட்டு நிமிடம் பேசினோம். அவன் ஓட்டும் வழியில் எத்தனை நிறுத்தங்கள் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னான். நான் எழுதிக்கொண்டேன். பேச்சு நடுவில், "மாமா இருந்தா இதுக்கு ஒண்ணு சொல்லுவாருப்பா" என்பான். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அந்தப் பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் எனக்கு விட்டுப்போனதில் அதுவும் ஒன்று. அதையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் இருபது நிமிடம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் மீதி நாற்பது நிமிடம் இன்னும் தங்கராசுவிடம்தான் இருக்கிறது.